சூசை என்னும் பெயர்: மூலமும் பொருளும்

1. முன்னுரை

அயன்மொழிச் சொற்கள் ஒரு மொழியினுள் வந்து சேரும் வழிகள் பல. வாணிகத்தால் வருவன, ஆட்சியால் வருவன, சமயத்தால் வருவன என அவற்றைப் பகுத்துக் காண்பது வழக்கம். போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழில் வந்து கலந்த மேசை, சாவி, சன்னல், அலமாரி, துவாலை முதலிய பொருட்பெயர்களை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அம்மொழி வழியாக வந்த மக்கட்பெயர்களும் அவ்வாறே ஆராயத் தக்கனவாம். பொருட்பெயர் பண்டத்தோடு வந்து பண்டத்தோடு நிற்பது. மக்கட்பெயரோ தந்தையிடமிருந்து மகனுக்கும் பாட்டனிடமிருந்து பெயரனுக்கும் சென்று, ஒரு குடியின் வரலாற்றையே தன்னுள் தாங்கி நிற்பது.

அத்தகைய பெயர்களுள் 'சூசை' என்பது ஒன்று. சூசை, சூசையப்பன், சூசைமாணிக்கம், சூசைராசு, சூசையம்மாள் எனத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இப்பெயர் பலவாறு வழங்குகின்றது. இதன் மூலம் போர்த்துக்கீசிய மொழியில் மிகப் பரவலாக வழங்கும் 'ஜோஸே' என்னும் ஆண்பாற் பெயராகும். அப்பெயரின் தோற்றம், பொருள், அது தமிழ் வடிவம் பெற்ற முறை ஆகியவற்றை ஆராய்ந்து, இவ்வடிவத்தைப் பேணுவது ஏன் வேண்டற்பாலது என்பதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

2. எல்லைப் பகுதி காட்டும் சான்று

இவ்வாய்விற்கு ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் பொருத்தமான களம் ஆகும். கருநாடகத்தை அடுத்துள்ள இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்த பின்னர்த் தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். ஆகவே வேறு வேறு இடங்களிற் பிரிந்து வழங்கிய பெயர் வடிவங்கள் ஈண்டு ஓரிடத்தில் வந்து கூடும் நிலை உண்டாயிற்று. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர் சூசை எனப்படுவார். கேரளச் சிரியன் கிறித்தவர் ஔசேப்பு எனவோ ஜோஸ் எனவோ வழங்கப்படுவார். சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர் யோசேப்பு எனப்படுவார். இசுலாமியர் யூசுப் எனப்படுவார். ஆங்கில வழக்கை மேற்கொண்டவர் ஜோசப் என எழுதுவார். இவை அனைத்தும் ஒரே பெயரின் வடிவங்களே ஆகும்.

ஓசூர் என்னும் ஊர்ப்பெயரும் நம் ஆராய்ச்சிக்கு ஒரு விளக்கு. கன்னடத்தில் 'ஹொஸ' என்பது புதிய என்னும் பொருளுடையது. பழங்கன்னடத்தில் அஃது 'பொஸ' என வழங்கியது. தமிழில் உள்ள 'புது' என்பதனோடு ஓரினமாகிய சொல் அது. ஹொஸ, ஊரு என்னும் இரண்டும் சேர்ந்து ஹொஸூரு ஆயிற்று. அதனைத் தமிழர் பொருளால் பெயர்த்திருப்பின் 'புத்தூர்' என்று வழங்கியிருப்பர். அவ்வாறு செய்யாது, தமிழில் இல்லாத ஹகர ஒலியை நீக்கி, ஒலியால் தழுவி 'ஓசூர்' என்றனர். எனவே அயற்பெயரைத் தமிழ் ஏற்கும் முறை இரண்டு என்பது தெளிவாம். ஒன்று ஒலி வழித் தழுவல். மற்றொன்று பொருள் வழிப் பெயர்ப்பு. சூசை முன்னதற்கும், வீரமாமுனிவர் ஆண்ட 'வளன்' பின்னதற்கும் எடுத்துக்காட்டுகள். இவை இரண்டனையும் முறையே காண்போம்.

3. பெயரின் மூலமும் பொருளும்

ஜோஸே என்பதன் மூலம் எபிரேய மொழியில் உள்ள 'யோசேப்' என்னும் பெயர். கூட்டுதல், மிகுவித்தல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து அது பிறந்தது. 'அவர் கூட்டித் தருவாராக' என்பது அதன் நேர்பொருள். விவிலியத்தின் முதல் நூலாகிய தொடக்க நூலில், நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய இராகேல் தன் முதல் மகனுக்கு இப்பெயரை இடுகின்றாள். இறைவன் தனக்கு இன்னும் ஒரு மகனைக் கூட்டித் தருதல் வேண்டும் என்னும் அவளது வேண்டுதலே பெயராக அமைந்தது. அதற்கு முந்தைய தொடரில், இறைவன் தன் இழிவை நீக்கினார் என அவள் கூறுவதாக வருகின்றது. நீக்குதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் கூட்டுதலைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒத்தவை. இழிவு நீங்கியதும் பேறு கூடியதும் ஆகிய இரண்டையும் இப்பெயர் ஒருங்கே நினைவூட்டுமாறு அச்சொற்கள் அமைந்துள்ளன.

எபிரேயத்திலிருந்து கிரேக்கத்திற்கும் கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கும் சென்ற இப்பெயர் 'இயோசேப்' என்றும் 'இயோசேபுசு' என்றும் நின்றது. இலத்தீனின் முதலில் இருந்த யகர ஒலி போர்த்துக்கீசியத்தில் மெல்லிய உரசொலியாக மாறியது. பிரெஞ்சு மொழியிலும் வழங்கும் அவ்வொலியைத் தமிழ் எழுத்தால் காட்டுதல் அரிது. ஜகரம் ஓரளவு அதற்கு அணித்து. சொல்லின் இறுதியில் இருந்த உதட்டொலி தேய்ந்து மறைந்தது. இவ்வாறு ஜோஸே என்னும் வடிவம் தோன்றிற்று. மறைந்த அவ்வீற்றொலி 'ஜோஸேஃபா' என்னும் பெண்பாற் பெயரில் இன்றும் நின்று, பெயரின் பழைய வடிவை உணர்த்துகின்றது.

இப்பெயருடையோர் இருவரை ஈண்டு வேறுபடுத்திக் காணல் வேண்டும். ஒருவர் யாக்கோபின் மகனாக எகிப்தில் உயர்நிலை எய்தியவர். மற்றொருவர் மரியாளின் கணவரும் இயேசுவின் வளர்ப்புத் தந்தையுமாகிய தச்சர். திருக்குரானின் 12-ஆம் அத்தியாயத்திற்குப் பெயர் தந்த யூசுப் முன்னவரே. போர்த்துக்கீசியரின் ஜோஸேயும் தமிழ்க் கத்தோலிக்கரின் சூசையப்பரும் பின்னவரைச் சார்ந்து எழுந்த பெயர்கள்.

ஜோஸே என்னும் பெயர் போர்த்துக்கல்லில் பண்டுதொட்டே பெருவழக்காக இருந்ததன்று. இடைக்காலத்தில் ஜோவான், பேத்ரோ, அஃபோன்சு முதலிய பெயர்களே அங்கு மிகுதியாக வழங்கின. புனித யோசேப்பின் திருநாள் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரோமைத் திருநாட் குறிப்பிற் சேர்க்கப்பெற்றது. 1621-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதனைக் கடன் திருநாள் ஆக்கினார். அப்பத்தி வளர வளரப் பெயரும் பரவியது. அப்பெயர் பூண்ட முதல் போர்த்துக்கீசிய மன்னர் 1750 முதல் 1777 வரை ஆண்டவரே என்பதும் இதற்குச் சான்று. எனவே, போர்த்துக்கீசியர் தமிழகக் கடற்கரையில் நிலைகொண்டிருந்த காலமும், அவர்தம் நாட்டில் இப்பெயர் செல்வாக்குப் பெற்ற காலமும் பெரிதும் ஒன்றே எனலாம்.

4. சூசை: ஒலி வழித் தழுவல்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளிற் கிறித்தவம் தழுவினர். 1542-இல் புனித பிரான்சிசு சவேரியார் அக்கரைக்கு வந்தார். திருமுழுக்கின்போது போர்த்துக்கீசியப் பெயர்கள் இடப்பெற்றமையால் அந்தோணி, சந்தியாகு, பெர்னாந்து போன்றவை தமிழ் வழக்கில் வந்தன. 1554-இல் இலிசுபனில் உரோமானிய எழுத்தில் தமிழ்ச் சிறுநூல் ஒன்று அச்சாயிற்று. 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. இவ்வாறு போர்த்துக்கீசியமும் தமிழும் வாயாலும் எழுத்தாலும் நெருங்கி உறவாடிய சூழலிற் பிறந்த வடிவமே சூசை.

இப்பெயர் போர்த்துக்கீசியத்திலிருந்தே வந்தது என்பதற்கு ஒலியமைதி வலிய சான்றாக நிற்கின்றது. ஜோஸே என எழுதப்பெறினும், அழுத்தம் பெறாத முதல் ஓகாரம் போர்த்துக்கீசியர் வாயில் உகரமாகவே ஒலிக்கும். ஆகவே காதிற் கேட்பது 'ஜுஸெ' என்பதனை ஒத்திருக்கும். இனி அதன் உறுப்புகளைத் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது, சொன்முதல் உரசொலி தமிழிற் சகரமாயிற்று. சாளரத்தைக் குறிக்கும் 'ஜனேலா' என்னும் சொல் சன்னல் ஆனமை காண்க. இரண்டாவது, அழுத்தம் பெறாத ஓகாரம் உகர இனமாயிற்று. துடைக்கும் துணியைக் குறிக்கும் 'தோஆல்யா' என்னும் சொல் துவாலை ஆனமை காண்க. மூன்றாவது, இடையில் நின்ற ஒலிப்புடைய சகரம் தமிழில் உயிரிடைச் சகரமாயிற்று. 'மேஸா' என்பது மேசை ஆனதும் இவ்வாறே. நான்காவது, சொல்லின் ஈறு ஐகாரமாயிற்று. மேசை, துவாலை, ஈழத்தில் நாற்காலியைக் குறிக்கும் கதிரை ஆகிய சொற்களில் அழுத்தமற்ற ஆகார ஈறு ஐகாரம் ஆயிற்று. சூசையிலோ அழுத்தம் பெற்ற எகர ஈறு அவ்வடிவை எய்திற்று. அழுத்தமற்ற எகரம் 'பாத்ரே' என்பதிற் பாதிரி எனவும், 'சாவே' என்பதிற் சாவி எனவும் இகரமாகத் தேய்ந்தது. சூசையின் ஈறு அவ்வாறு தேயாமைக்கு அதன் அழுத்தமே காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

முதலெழுத்து நெடிலானமைக்கு, ஆசை, ஓசை, மீசை, பூசை எனத் தமிழில் முன்னரே பயின்ற ஈரெழுத்துச் சொற்களின் அமைப்பு துணைசெய்திருக்கலாம். வந்த பெயர் இருந்த சொற்களின் அச்சில் வார்க்கப்பட்டது என்க.

பிற மூலங்களை இவ்விடத்தே விலக்குதல் வேண்டும். இலத்தீனிலிருந்தோ இத்தாலியத்தின் 'ஜுஸெப்பே' என்பதிலிருந்தோ வந்திருப்பின், இறுதியிலுள்ள பகரம் தமிழிலும் நின்றிருக்கும். பிரெஞ்சு வடிவிலும் ஆங்கில வடிவிலும் ஈற்றில் உதட்டொலி உண்டு. சிரிய மொழி வடிவம் மலையாளத்தில் ஔசேப்பு என நிற்றலும் அத்தகையதே. இசுபானியத்தில் உதட்டொலி இல்லையெனினும், முதல் ஓகாரம் உகரமாகாது ஓகாரமாகவே ஒலிக்கும். பகர ஈறு இன்மையும் முதலில் உகர இனம் வருதலும் ஒருங்கே பொருந்துவது போர்த்துக்கீசியத்தில் மட்டுமே. போர்த்துக்கீசியர் ஆண்ட பிற இடங்களின் வழக்கும் இதனை வலியுறுத்துகின்றது. கொங்கணியிலும் சிங்களத்திலும் இப்பெயர் 'ஜுஸே' என்பதனை ஒத்தே வழங்குகின்றது. கோவாவில் 1651-இற் பிறந்து, இலங்கையில் தொண்டாற்றி, 2015-இற் புனிதராக அறிவிக்கப்பெற்ற யோசேப்பு வாசு அடிகளைச் சிங்களவர் 'ஜுஸே வாஸ்' என்றே வழங்குவர்.

கேரளத்தில் வழங்கும் 'ஜோஸ்' என்னும் வடிவையும் இதனோடு ஒப்பிடலாம். அது போர்த்துக்கீசிய எழுத்து வடிவை ஆங்கில முறையிற் படித்ததனால் விளைந்தது எனக் கருத இடமுண்டு. அங்ஙனமாயின், ஜோஸ் கண்ணால் வந்த வடிவம். சூசை காதால் வந்த வடிவம்.

5. இலக்கண நோக்கு

வடசொல் தமிழில் வழங்குங்கால் வடவெழுத்தை விடுத்துத் தமிழெழுத்தோடு பொருந்தி வரல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. வடசொற்குக் கூறிய இந்நெறியை ஏனை அயற்சொற்களுக்கும் பொருத்திக் காணலாம். சூசை என்னும் வடிவில் தமிழுக்குப் புறம்பான எழுத்து ஒன்றும் இல்லை. சகரம் ஊகாரத்தோடு சொன்முதலில் வருதலைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. ஐகாரம் பெயரீறாக வருதல் தமிழில் மிகப் பயின்றது.

யோசேப்பு என்னும் வடிவமோ வேறு நிலையினது. தொல்காப்பியர் ஆகாரத்தோடன்றி யகரம் மொழிக்கு முதலாகாது என்றார். நன்னூலார் காலத்தில் அவ்வரையறை விரிந்து, யகரம் ஓகாரம் முதலிய பிற உயிர்களோடும் முதலாதல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே யோசேப்பு நன்னூலுக்கு இயைந்தது, தொல்காப்பியத்திற்கு இயையாதது. ஜோசப் என்பதோ ஜகர முதலும் பகர மெய்யீறும் உடைமையால் இரண்டற்கும் இயையாதது. மூல மொழிக்கு மிகச் சேய்மையதாகத் தோன்றும் சூசையே தமிழ் மரபுக்கு மிக அண்மையது என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் அதனைத் தன் சொல்லாகவே கொண்டது என்பதற்கு அதன் ஆக்கங்களும் சான்று பகரும். சூசையம்மாள் என்னும் பெண்பாற் பெயர் ஜோஸேஃபாவிலிருந்து வந்ததன்று. சூசையிலிருந்து தமிழ் விகுதியாற் பிறந்தது. சூசைமாணிக்கம், சூசைநாதன் என்பன தமிழ்த் தொகைச்சொற்கள். சூசையப்பர் என்பதில் அயற்பெயரோடு 'அப்பர்' என்னும் முறைப்பெயர் இயைந்து நிற்கின்றது. சந்தியாகப்பர் என்பதும் இவ்வகையினதே. சவேரியார், அந்தோணியார் என்பன ஆர் ஈற்றால் உயர்வு காட்ட, இயேசுவின் வளர்ப்புத் தந்தைக்குத் தந்தைமை சுட்டும் சொல்லே அமைந்தமை மிகவும் பொருத்தமுடையதாகும்.

6. வளன்: பொருள் வழிப் பெயர்ப்பு

கடற்கரையில் ஒலி வழித் தழுவல் மிக்கிருக்க, உள்நாட்டில் வேறொரு நெறி வளர்ந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்டார். 1647-இல் இலிசுபனிற் பிறந்து, 1693-இல் ஓரியூரில் உயிர்நீத்த ஜோவான் தெ பிரித்தோ, தம் போர்த்துக்கீசியப் பெயரை விடுத்து அருளானந்தர் எனப்பட்டார். ஜோவான் என்பதன் எபிரேய மூலம் இறைவன் அருளுடையவர் எனப் பொருள்படுதலால், அருள் என்னும் சொல் அதற்கு இயைந்தது. யோவான் அருளப்பர் ஆனதும் இக்கருத்தினாலேயே. பவுல் என்பதற்குச் சிறியர் என்று பொருளாதலின் சின்னப்பர் என்றனர். பாறை எனப் பொருள்படும் பேதுருவின் பெயருக்கு வழங்கும் இராயப்பர் என்பதனைக் கல்லைக் குறிக்கும் 'ராயி' என்னும் தெலுங்குச் சொல்லோடு பொருத்திக் காண்பாரும் உளர். எல்லைப்புறத்து மொழிக் கலப்பை ஆராய்வார்க்கு இவ்விளக்கம் கருதத் தக்கது.

இந்நெறியின் உச்சியில் நிற்பது வீரமாமுனிவரின் தேம்பாவணி. 1726-இல் இயற்றப்பெற்ற இக்காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் உடையது. யோசேப்பே அதன் பாட்டுடைத் தலைவர். முனிவர் அவரை வளன் என அழைத்தார்; அவர் பிறப்பைக் கூறும் பகுதிக்கு 'வளன் சனித்த படலம்' என்று பெயரிட்டார். திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றதும் இக்காப்பியத்தில்தான். முனிவரின் இயற்பெயர் கான்சுதான்சோ ஜுஸெப்பே பெசுகி. முதற்பெயரின் பொருளாகிய உறுதிப்பாட்டைத் தழுவித் தைரியநாதர் எனப்பட்ட அவர், தம் இரண்டாம் பெயரின் பொருளைக் காப்பியத் தலைவர்க்கு வழங்கினார் எனல் தகும்.

கூட்டித் தருதல் என்னும் எபிரேயப் பொருள் வளன் ஆனது எங்ஙனம் என ஒருவர் வினவலாம். யாக்கோபு தம் மக்களை வாழ்த்தும் பகுதியில் யோசேப்பு கனி மிகுந்த கொடியாக உவமிக்கப்படுகின்றார். முனிவர் பயின்ற இலத்தீன் விவிலியம் அவ்விடத்தில் அவரை வளர்ந்தோங்கும் மகன் என்னும் கருத்துப்படக் குறிக்கின்றது. தமிழில் வளன் என்பது வளம் என்பதன் போலி, வளர்தலோடும் உறவுடையது. செழுமை, பெருக்கம் என்னும் இரண்டு பொருளையும் அச்சொல் தாங்கி நிற்கின்றது. எனவே வளன் என்பது அகரமுதலி கொண்டு செய்த வெறும் மொழிபெயர்ப்பன்று. விவிலியப் பயிற்சியும் தமிழ்ப் புலமையும் சேர்ந்து விளைத்த ஆக்கம் ஆகும்.

இப்பெயர் பின்னாளிலும் நிலைத்தது. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிய கல்லூரி, தூய வளனார் கல்லூரி எனத் தமிழில் வழங்குகின்றது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு யோசேப்பு என்னும் வடிவத்தை ஆண்டது. ஆயினும் மக்கள் வாயில் சூசை மறையவில்லை.

7. பெயர் மாற்றத்தால் நேரும் இழப்பு

இன்று சூசை என்னும் வடிவை இரு சாரார் மாற்ற முற்படுகின்றனர். தூய தமிழ் விரும்புவோர் அதனை அயற்சொல் எனக் கருதி வளன் என்கின்றனர். ஆங்கில வழக்கை மதிப்போர் அது நாட்டுப்புறத் திரிபு எனக் கருதி ஜோசப் என்கின்றனர். பிறக்கும் குழந்தைக்கு எப்பெயரும் இடலாம். அது பெற்றோர் உரிமை. இருந்து மறைந்தவரின் பெயரை ஆவணத்தில் மாற்றி எழுதுதலே ஆராயத் தக்கது.

தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தே மகனின் பெயர்க்கு முன் நிற்கும். சூசையின் மகன் 'சூ.' என எழுதுவான். அவன் தந்தையே மற்றோர் ஆவணத்தில் ஜோசப் எனப்படின், முதலெழுத்து 'ஜோ.' ஆகிவிடும்; வளன் எனப்படின் 'வ.' ஆகிவிடும். ஒருவர் மூவராகத் தோன்றுவர். ஊர் விட்டு ஊர் வந்து தொழிற்சாலையிற் பணிபுரியும் குடும்பங்களுக்கு, பள்ளிச் சான்றிலும் பணிப் பதிவிலும் தந்தை பெயர் வேறுபடுதல் உரிமை பெறுதற்கே தடையாகலாம். திருமுழுக்குப் பதிவேடுகளைக் கொண்டு ஒரு வட்டாரத்தின் குடிவரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளர்க்கும் இதே இடர்ப்பாடு நேரும்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஓசூர் வட்டாரப் பதிவேட்டில் சூசை என ஒரு பெயர் காணப்படின், அது போர்த்துக்கீசியர் வாயிற் பிறந்து தமிழ்க் கடற்கரையில் உருப்பெற்ற வடிவம் என்பதை அப்பெயரே அறிவிக்கும். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் லியோனார்தோ சின்னமி என்னும் இத்தாலியத் துறவி தொடங்கிய மைசூர் மறைப்பணியும், 1773-இல் இயேசு சபை கலைக்கப்பெற்ற பின்னர்ப் பொறுப்பேற்ற பிரெஞ்சுத் துறவியர் பணியும் பரவிய நிலப்பரப்பை அடுத்தது இவ்வட்டாரம். இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் பணிபுரிந்த நிலத்தில் போர்த்துக்கீசியச் சாயலுடைய பெயர் வழங்குமாயின், அது தமிழ்க் கிறித்தவர்களோடு வந்தது என்றோ, தமிழ் மறைநூல் வழக்கின் வழியே வந்தது என்றோ ஆராய்தற்கு இடந்தரும். பதிப்பிப்போர் அதனை ஜோசப் என ஒருமைப்படுத்திவிடின் அவ்வாராய்ச்சிக்கே இடமின்றிப் போகும். கல்வெட்டில் உள்ள எழுத்தைத் திருத்திப் படிக்கும் உரிமை நமக்கில்லை. பதிவேட்டில் உள்ள பெயருக்கும் அந்நெறியே பொருந்தும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. சூசை என்பது போர்த்துக்கீசிய ஜோஸே என்பதன் தமிழ் வடிவம். முதலில் ஊகாரம் வருதலும் இறுதியிற் பகரம் இன்மையும் அதனை மெய்ப்பிக்கும். அதன் அடிப்பொருள் 'இறைவன் கூட்டித் தருவாராக' என்பது. அப்பொருளை விரித்துத் தமிழிற் பெயர்த்தது வளன். முன்னது மக்கள் செவியும் நாவும் செய்த பணி. பின்னது புலவர் ஒருவர் செய்த பணி. இரண்டும் தமிழுக்கு உரியனவே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்தல் முறையன்று.

எல்லைப்புற வட்டாரங்களின் பெயர்களை ஆராயும் மாணவர், ஒவ்வொரு பெயரையும் ஆவணத்தில் உள்ளவாறே படியெடுத்து, அதனோடு ஒத்த வடிவங்களைத் தனியே ஒப்பிட்டுக் காட்டுதல் நன்று. சூசை, யோசேப்பு, ஔசேப்பு, யூசுப், ஜோசப், வளன் ஆகிய ஆறு வடிவங்களையும் அவ்வாறு ஊர்வாரியாகத் தொகுப்பின், மக்கள் குடிபெயர்ந்த வழிகளும் சமயம் பரவிய வழிகளும் தெளிவுறும். ஓசூரைப் புத்தூர் என மாற்றி எழுதின் அவ்வூரின் கன்னடத் தொடர்பு மறைந்துபோம். சூசை என்னும் பெயரையும் அவ்வாறே உள்ளபடி காத்தல் நம் கடன்.